ஓடுபாதையில் டயர் ரப்பர் படிவு: அளப்பது, அகற்றுவது, மறுபடி அளப்பது

விமான நிலையத்தின் ஏர்சைடு (விமானங்கள் ஓடும், நிற்கும் பகுதி) பிரிவிலும் சிவில் பராமரிப்பிலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓடுபாதை கறுத்துவிட்டது என்று வண்டியை வரவழைப்பார்கள், நீரைப் பீய்ச்சுவார்கள், தரை வெளுத்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். இதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உராய்வு திரும்பியதா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஈரத் தரையில், சக்கரம் ஓடும் கோட்டில், ஒழுங்காக அளந்து எடுத்த எண் ஒன்றைத்தான் நம்பலாம். கீழே வரும் படிகளின் வரிசை அந்த எண்ணைச் சரியாகப் பெறுவதற்கானது. ஒரு படியை விட்டால் அடுத்த படியின் முடிவு தவறாகிவிடும்.

1. ரப்பர் எதை மூடுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

விமானத்தின் பிரதான சக்கரங்கள் சுழலாத நிலையில்தான் தரையைத் தொடுகின்றன. விமானத்தின் வேகத்தை எட்டிப் பிடிக்கும்வரை அவை தரையில் வழுக்கித் தேய்கின்றன. அந்தச் சூட்டில் டயரின் மேல்தோல் இளகித் தரையில் ஒட்டுகிறது. அடுத்து வரும் விமானம் அதன் மேல் இன்னொரு பூச்சைப் பூசி, தன் எடையால் இறுக்கிவிட்டுப் போகிறது.

ஓடுபாதையின் தரையில் இரண்டு வகைச் சொரசொரப்பு உண்டு. ஜல்லியின் முகத்தில் விரல் வைத்துத் தடவினால் மட்டும் தெரிகிற நுண்சொரசொரப்பு ஒன்று. ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவே கண்ணுக்கே தெரியும் மேடுபள்ளம் இன்னொன்று. மேடுபள்ளம் மழைநீர் டயருக்கு அடியிலிருந்து வெளியேற வழி தருகிறது. நுண்சொரசொரப்பு மிச்சமிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்து டயரைப் பிடிக்கிறது. ரப்பர் முதலில் நுண்சொரசொரப்பை மூடுகிறது. பிறகு மேடுபள்ளத்தை நிரப்புகிறது. கடைசியில் நீர் வடியக் குறுக்கே வெட்டிய நீர்க்கோடுகளையும் அடைக்கிறது.

வெயில் காலத்தில் இது தெரியாது. உலர்ந்த தரையில் ரப்பர் மேல் ரப்பர் ஓரளவு நன்றாகவே பிடிக்கும், விமானிகளும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முதல் மழையில்தான் விஷயம் வெளியே வரும். அதனால் 'இதுவரை யாரும் புகார் சொல்லவில்லையே' என்ற வாதத்தை ஏற்காதீர்கள்.

நீரில் டயர் மிதக்கும் வேகத்தைத் தோராயமாகச் சொல்ல நாசாவில் உருவான ஒரு சூத்திரம் உண்டு. டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் விடை வரும். 200 பிஎஸ்ஐ டயருக்கு அது சுமார் 127 நாட். சுழலாத சக்கரத்துக்கு 9 க்குப் பதில் 7.7 போட வேண்டும், அப்போது சுமார் 109 நாட். ஏ320, 737 போன்ற விமானங்கள் 130 நாட் சுற்றுவட்டத்தில் இறங்குவதை இதோடு வைத்துப் பாருங்கள். இந்தக் கணக்கு நீர் நன்றாகத் தேங்கியிருக்கும்போது பொருந்துவது. ரப்பர் பூசிய வழவழப்பான தரையிலோ மெல்லிய ஈரம் இருந்தாலே, இதைவிடக் குறைந்த வேகத்திலும் பிடிமானம் போய்விடும். படிவைக் கண்டு பயப்பட வேண்டியது இதனால்தான்.

2. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் விதி. இந்தியா என்றால் டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். உராய்வின் குறைந்தபட்ச அளவை ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) எல்லாருக்கும் பொதுவாக நிர்ணயிப்பதில்லை, அந்தந்த நாடே நிர்ணயிக்க வேண்டும். உங்கள் நிலையத்தின் ஏரோட்ரோம் கையேட்டில் அது எழுதியிருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ வெளியிட்ட 150/5320-12சி என்ற ஆலோசனைச் சுற்றறிக்கையில் உள்ளவை. பல நாடுகளில் இவற்றைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். இருந்தாலும் உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும்.

அடுத்து, முந்தைய உராய்வு அறிக்கைகள், தரை கடைசியாக எப்போது மேல்பூச்சு கண்டது, என்ன பொருள், நீர்க்கோடு வெட்டியதா இல்லையா என்ற விவரம். ஒவ்வொரு முனையிலும் தினம் எத்தனை ஜெட் விமானங்கள் இறங்குகின்றன என்ற கணக்கு. அளவீட்டுக் கருவியின் அளவுத்திருத்தச் சான்று. ஓடுபாதையை மூட அனுமதி, அதற்கான நோட்டாம் (விமானிகளுக்கு அனுப்பும் அதிகாரபூர்வ அறிவிப்பு), கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேச வாக்கிடாக்கி, அதில் பேசத் தகுதியுள்ள ஆள்.

பழைய அறிக்கை இல்லாமல் களத்தில் இறங்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. 0.55 என்ற உராய்வு எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. போன மாதம் அதே இடம் 0.70 ஆக இருந்ததா, 0.56 ஆக இருந்ததா என்று தெரிந்தால்தான் அந்த எண் பேசும்.

3. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று முடிவு செய்யுங்கள்

ஓடுபாதை முழுவதற்கும் ஒரே கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முனையையும் தனித்தனியாக எடுங்கள், ஏனென்றால் இறக்கங்கள் இரு முனைக்கும் சமமாகப் பிரிவதில்லை. எஃப்ஏஏ அட்டவணை, ஒரு முனையில் தினசரி இறங்கும் ஜெட் எண்ணிக்கையை வைத்து இப்படிச் சொல்கிறது:

15 வரை: ஆண்டுக்கு ஒருமுறை அளவீடு, 2 ஆண்டுக்கு ஒருமுறை ரப்பர் அகற்றல்.
16 முதல் 30: 6 மாதம், 1 ஆண்டு.
31 முதல் 90: 3 மாதம், 6 மாதம்.
91 முதல் 150: 1 மாதம், 4 மாதம்.
151 முதல் 210: 2 வாரம், 3 மாதம்.
210 க்கு மேல்: 1 வாரம், 2 மாதம்.

அகலமான உடல் கொண்ட பெரிய விமானங்கள் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அளவீட்டுக்கு ஒரு படி அதிக எண்ணிக்கைக்கான வரிசையை எடுத்துக்கொள்ள வேண்டும். எடை கூடினால் தேய்மானமும் கூடுகிறது என்பதுதான் காரணம்.

ஒவ்வொரு வரிசையிலும் இரண்டாவதாக வரும் அகற்றல் காலம் திட்டமிடுவதற்காக மட்டும். நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று நல்ல உராய்வு உள்ள தரையைச் சுரண்டுவதும் தவறு, நான்கு மாதம் ஆகவில்லையே என்று எண் விழுந்த தரையை விட்டுவைப்பதும் தவறு. எப்போது அகற்றுவது என்பதை அளவீடுதான் சொல்ல வேண்டும்.

இதோடு பருவமழையைச் சேர்த்துப் பாருங்கள். மும்பையில் ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் அங்கே மழைக்கு முந்தைய பராமரிப்புக்காக மே மாதம் ஒரு நாள் பகலில் ஓடுபாதைகளை மூடுகிறார்கள். சென்னைக்கு அந்தத் தேதி பொருந்தாது. இங்கே கனமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே மாதம் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால், மழை வருவதற்குள் பல மாத ரப்பர் மறுபடி சேர்ந்திருக்கும். செப்டம்பரில் அளந்து, தேவையானால் அகற்றி, அக்டோபர் பிறக்கும்போது எண் கையில் இருப்பதுதான் சென்னைக்குச் சரியான கணக்கு.

4. இரு முனைகளையும் சேர்த்து யோசியுங்கள்

ரப்பர் படியும் இடத்தில் விமானம் அப்போதுதான் தரையைத் தொடுகிறது, பெரிய பிரேக் அதற்கு அப்புறம்தானே, பிறகென்ன ஆபத்து என்று புதியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே திசையில் மட்டும் பார்த்தால் அது பாதி சரி.

திசையை மாற்றிப் பாருங்கள். சென்னையின் முதன்மை ஓடுபாதை 07/25, நீளம் 3,658 மீட்டர். கிழக்கு நோக்கி ஓடினால் அதன் பெயர் 07, மேற்கு நோக்கி ஓடினால் 25. 25 இல் இறங்கும் விமானங்கள் கிழக்கு முனையில் தரையைத் தொடுகின்றன, அங்கே ரப்பர் சேர்கிறது. வடகிழக்குக் காற்று தொடங்கியதும் இறக்கம் 07 க்கு மாறுகிறது. இப்போது விமானம் மேற்கில் தொட்டு, கிழக்கு நோக்கி ஓடி, கடைசிக் கட்டப் பிரேக்கைப் போடும் இடம் எது? முந்தைய மாதங்களில் 25 இல் இறங்கியவை ரப்பர் விட்டுப்போன அதே கிழக்கு முனை. அதுவும் மழைக்காலத்தில். கிளம்பும் விமானம் புறப்பாட்டைக் கைவிட்டு நிற்க வேண்டி வந்தாலும் அந்த முனைதான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே இன்று எந்தத் திசையில் இறங்குகிறார்கள் என்று கேட்டு அந்த முனையை மட்டும் அளக்காதீர்கள். காற்று மாறும் முன் எதிர்முனையை அளந்து முடியுங்கள்.

5. நடந்து பாருங்கள், மணல் சோதனை செய்யுங்கள்

கருவி வருவதற்கு முன் காலால் நடந்து பார்ப்பது அவசியம். வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் கறுப்பு மட்டும்தான் தெரியும். குனிந்து பார்த்தால், ஜல்லியின் முகம் தெரிகிறதா, பளபளப்பு ஏறியிருக்கிறதா, நீர்க்கோடுகளின் அடிப்பகுதியில் ரப்பர் தங்கியிருக்கிறதா என்று தெரியும். கறுத்திருந்தும் ஜல்லி முனை விரலில் உறுத்தினால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சாம்பல் நிறத்தில் இருந்தும் கண்ணாடிபோல் வழுக்கினால், அது ரப்பர் சிக்கலே இல்லாமல் ஜல்லி தேய்ந்து மழுங்கியதாக இருக்கலாம்.

நீர்க்கோட்டின் வழக்கமான அளவு 6 மி.மீ. ஆழம், 6 மி.மீ. அகலம், 38 மி.மீ. இடைவெளி. 457 மீட்டர் நீளத்துக்கு, 40 சதவீதக் கோடுகள் ஆழத்திலோ அகலத்திலோ 3 மி.மீ. அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அவற்றின் பயன் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று எஃப்ஏஏ கணக்கு சொல்கிறது. கோட்டில் அளவுகோலை விடும்போது, அடைப்பு ரப்பரால் வந்ததா, கோட்டின் விளிம்பே தேய்ந்ததா என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதைச் சுத்தம் செய்து மீட்கலாம். இரண்டாவதற்குப் புதிதாக வெட்டத்தான் வேண்டும்.

மணல் சோதனை எளிது. உலர்ந்த தரையில் 25 மில்லி மெல்லிய மணலையோ கண்ணாடி மணிகளையோ கொட்டி, வட்டமாகத் தேய்த்துப் பரப்புங்கள். மேடுபள்ளம் நிரம்பி மணல் மேலும் பரவாத நிலையில் விட்டத்தை நான்கு திசையில் அளந்து சராசரி எடுங்கள். விட்டம் 178 மி.மீ. என்றால் சராசரி ஆழம் 1.0 மி.மீ. அதுவே 252 மி.மீ. வரை பரவினால் ஆழம் பாதி, 0.5 மி.மீ.தான். புதிய தரைக்கு 1.0 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும் என்பது ஐகாவோ இணைப்பு 14 இன் பரிந்துரை.

நீர்க்கோடு வெட்டிய இடத்தில் இந்தச் சோதனையைச் செய்தால் மணல் கோட்டுக்குள் இறங்கி, ஆழத்தைக் கூட்டிக் காட்டும். மூட்டுகளுக்கும் விளக்குகளுக்கும் பக்கத்தில் கோடு வெட்டாமல் விட்ட துண்டுகள் இருக்கும், அங்கே செய்யுங்கள்.

6. அளக்கும் கோட்டைத் தேர்ந்தெடுங்கள்

மையக்கோட்டின் மேலேயே வண்டியை ஓட்டுவது நான் அதிகம் திருத்திய பிழை. ஓட்டுநருக்கு அது வசதி, வெள்ளைக்கோடு வழிகாட்டும். ஆனால் பிரதான சக்கரங்கள் அங்கே தொடுவதில்லை. பெயிண்டின் உராய்வைத்தான் அளந்துகொண்டு வருவீர்கள்.

737 இன் இரு பிரதானச் சக்கரத் தொகுதிகளுக்கு இடையே 5.72 மீட்டர், ஏ320 இல் 7.59 மீட்டர். அதாவது மையக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 3 முதல் 4 மீட்டர். 777 இல் 10.97 மீட்டர், ஒரு பக்கம் ஐந்தரை மீட்டர். அதனால்தான் சிறிய ஜெட்டுகளுக்கு மையத்திலிருந்து 3 மீட்டர் தள்ளியும், பெரியவை வரும் ஓடுபாதையில் 6 மீட்டர் தள்ளி இன்னொரு கோட்டிலும் அளக்கச் சொல்கிறார்கள்.

விமானம் இறங்கும் திசையில், மையக்கோட்டுக்கு வலப்புறம் ஓட்டுங்கள். திரும்பி வரும்போது அதேபோல் வலப்புறம் வந்தால் எதிர்முனையின் அளவீடும் கிடைத்துவிடும். இரு பக்கமும் தரை கண்ணுக்கே வேறுபட்டுத் தெரிந்தால் மட்டும் கூடுதல் ஓட்டம் தேவை. எந்தக் கோட்டில் ஓட்டினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதாவிட்டால் அடுத்த முறை ஒப்பிட ஒன்றும் இருக்காது.

7. கருவியைத் தயார் செய்யுங்கள், முக்கியமாக நீரை

கிரிப்டெஸ்டர், சர்ஃபேஸ் ஃப்ரிக்‌ஷன் டெஸ்டர், மியூமீட்டர் எல்லாமே தொடர்ந்து அளந்துகொண்டே போகும் கருவிகள். ஆனால் தத்துவம் வேறு. கிரிப்டெஸ்டரில் அளக்கும் சக்கரத்தைச் சற்று மெதுவாகச் சுழலவிட்டு வழுக்க வைக்கிறார்கள். மியூமீட்டரில் இரு சக்கரங்களும் வெளிப்பக்கம் சாய்ந்து நின்று பக்கவாட்டு விசையை அளக்கின்றன. ஆகவே ஒன்றின் எண்ணை மற்றதன் அட்டவணையில் வைத்துப் பார்க்கவே கூடாது.

அளக்கும் டயரின் காற்றழுத்தத்தைக் களத்திலேயே பாருங்கள். கிரிப்டெஸ்டருக்கு 140 கிலோபாஸ்கல், சர்ஃபேஸ் ஃப்ரிக்‌ஷன் டெஸ்டருக்கு 210, மியூமீட்டருக்கு 70. டயர் தேய்மானக் குறி தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பழைய டயரில் அளந்துவிட்டு, தரை மாறிவிட்டது என்று அறிக்கை எழுதுவது வீண்வேலை.

இப்போது நீர். சோதனை 1 மி.மீ. நீர்ப்படலத்தின் மேல் நடக்க வேண்டும், அதைக் கருவியே சக்கரத்துக்கு முன்னால் ஊற்றிக்கொண்டு போகும். படலத்தின் அகலம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 3,000 மீட்டருக்கு 300 லிட்டர் வேண்டும். வேகம் எதுவானாலும் அந்த 300 மாறாது. ஆனால் 65 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 1.8 லிட்டர் விழ வேண்டிய இடத்தில், 95 கி.மீ. வேகத்தில் 2.6 லிட்டர் விழ வேண்டும். பம்ப் தானாகச் சரிசெய்யாவிட்டால் வேகமான ஓட்டத்தில் படலம் மெலிந்து, உராய்வு இருப்பதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டும். இந்தத் தவறு ஆபத்தான பக்கம் சாய்கிறது. கிளம்பும் முன் குழாய் முனையில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், தொட்டியில் எத்தனை ஓட்டத்துக்கு நீர் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். பாதி ஓட்டத்தில் தொட்டி காலியானால் அந்த ஓட்டம் முழுவதும் செல்லாது.

மழை பெய்துகொண்டிருக்கிறதே, தரை ஈரம்தானே என்று தொட்டியை நிரப்பாமல் ஓட்டாதீர்கள். மழைநீர் ஓரிடத்தில் தேங்கும், ஓரிடத்தில் ஓடிவிடும். ஒப்பிட முடியாத எண்தான் வரும். மழையில் பார்க்க வேண்டியது வேறு: நீர் எங்கே தேங்குகிறது என்பதை அளந்து குறியுங்கள். 152 மீட்டர் நீளத்துக்குச் சராசரியாக 3 மி.மீ. மேல் தேங்கினால் அது சரிவின் கோளாறு, ரப்பரை அகற்றி அதைத் தீர்க்க முடியாது.

8. இரண்டு வேகத்திலும் ஓட்டுங்கள்

முதலில் மணிக்கு 65 கி.மீ., பிறகு 95. மெதுவான ஓட்டத்தை முனையிலிருந்து 152 மீட்டர் தள்ளியும், வேகமானதை 305 மீட்டர் தள்ளியும் தொடங்கலாம். வண்டி வேகம் எடுக்கவும் மறுமுனையில் பத்திரமாக நிற்கவும் அந்த இடம் வேண்டும்.

65 மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேகம் கூடக்கூட டயருக்கு அடியிலிருந்து நீர் வெளியேறக் கிடைக்கும் நேரம் குறைகிறது. நீருக்கு வழியுள்ள தரையில் இரு எண்களுக்கும் இடைவெளி சிறிதாக இருக்கும். ரப்பர் மேடுபள்ளத்தை நிரப்பிவிட்ட தரையில் 65 இல் சுமாராக நிற்கும் எண் 95 இல் சரிந்து விழும். விமானம் அதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு வேகத்தில் வருகிறது. அந்தச் சரிவைப் பார்க்காமல் விட்டால் சோதனையின் பாதியை விட்டதாக அர்த்தம்.

ஓட்டம் முடிந்ததும் வரைபடத்தை அங்கேயே பாருங்கள். நடுப்பகுதியும் முனைப்பகுதியும் ஒரே நேர்கோடாக, வழக்கத்தைவிட உயர்ந்து தெரிந்தால் நீர் விழவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஓடுபாதை இன்னும் மூடியிருக்கும்போதே மறுபடி ஓட்டலாம், அலுவலகத்துக்குப் போனபிறகு முடியாது.

9. எண்களைத் துண்டு துண்டாகப் படியுங்கள்

கிரிப்டெஸ்டருக்கு எஃப்ஏஏ அளவுகள் இவை. 65 கி.மீ.: புதிய தரை 0.74, பராமரிப்பைத் திட்டமிட வேண்டிய அளவு 0.53, குறைந்தபட்சம் 0.43. 95 கி.மீ.: 0.64, 0.36, 0.24. சர்ஃபேஸ் ஃப்ரிக்‌ஷன் டெஸ்டர் என்றால் 65 இல் 0.82, 0.60, 0.50, 95 இல் 0.74, 0.47, 0.34.

ஒரு கற்பனைக் கணக்கு. கிரிப்டெஸ்டரால் 65 இல் 3,000 மீட்டர் அளந்தோம், 150 மீட்டருக்கு ஒரு சராசரியாக 20 துண்டு. முதல் ஐந்து துண்டுகள் 0.61, 0.50, 0.41, 0.48, 0.57. மீதி பதினைந்தும் 0.66. மொத்தச் சராசரி 0.62. இந்த 0.62 ஐ மேலே அனுப்பினால் எல்லாரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் மூன்றாவது துண்டு குறைந்தபட்சத்துக்கும் கீழே இருக்கிறது, அதன் இருபக்கத் துண்டுகளும் பராமரிப்பு அளவுக்குக் கீழே. விதிப்படி இது உடனே சரிசெய்ய வேண்டிய நிலை. ஓடுபாதை முழுவதன் சராசரியை அறிக்கையில் போடும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்பேன்.

மற்ற நிலைகள்: ஒரு துண்டு மட்டும் பராமரிப்பு அளவுக்குக் கீழே இறங்கி, பக்கத்துத் துண்டுகள் நன்றாக இருந்தால் இப்போதைக்குக் கவனித்து வந்தால் போதும். 305 மீட்டரோ அதற்கு மேலோ பராமரிப்பு அளவுக்குக் கீழே இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

காரணம் தேடுவதற்கு நடுப்பகுதிதான் துணை. அங்கே ரப்பர் குறைவு, தரையின் இயல்பான நிலை அங்கே தெரியும். முனை விழுந்து, நடு நன்றாக இருந்தால் ரப்பர்தான். இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் ஜல்லி மழுங்கியிருக்கலாம், அல்லது கருவியில் கோளாறு. முதலில் கருவியைப் பாருங்கள்.

10. அறிவிப்பைத் தாமதிக்காதீர்கள்

எண் குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால், அகற்றும் வண்டிக்காகக் காத்திருக்காமல் நோட்டாம் வெளியிட வேண்டும். ஈரத்தில் வழுக்கும் பகுதி எது, எங்கிருந்து எங்கே என்று அதில் சொல்ல வேண்டும். சுமார் 100 மீட்டர் நீளமே கணக்கில் எடுக்கத் தக்கது என்று ஐகாவோ குறிப்பிடுகிறது. 'கொஞ்ச தூரம்தானே' என்று விடக் கூடாது.

2021 நவம்பர் 4 முதல் நடைமுறையில் உள்ள, ஓடுபாதையின் நிலையை விமானிக்குச் சொல்லும் உலகளாவிய அறிக்கை முறையில், சாதாரண ஈர ஓடுபாதைக்குக் குறியீடு 5. எண் குறையக் குறையப் பிடிமானம் மோசம். அதே ஓடுபாதை வழுக்கும் ஈரம் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் 3. ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக இந்தக் குறியீடு போகிறது. விமானி அதை வைத்துத்தான் தரையிறங்கத் தேவையான தூரத்தைக் கணக்கிடுகிறார். நீங்கள் நோட்டாம் போடாவிட்டால் மழையில் 5 என்றே அவருக்குப் போகும், 3 க்கான கூடுதல் தூரத்தை அவர் ஒதுக்க மாட்டார்.

அதே சமயம், கிரிப்டெஸ்டரில் வந்த 0.41 ஐ வாக்கிடாக்கியில் விமானிக்குப் படிக்காதீர்கள். அந்த எண் பராமரிப்புக்கானது. அவருடைய விமானத்தின் பிரேக்குக்கும் அதற்கும் நேரடிக் கணக்கு இல்லை.

11. அகற்றும் முறையைத் தரைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

உயர் அழுத்த நீர்ப்பீய்ச்சல் பரவலானது. 40,000 பிஎஸ்ஐ வரை செல்லும் வண்டிகள் உண்டு. அழுத்தம் கூடினால் நீர்ச் செலவு குறையும். ஆனால் அழுத்தம் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. குழாய் முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, முனையின் சுழற்சி, வண்டி நகரும் வேகம் எல்லாம் சேர்ந்துதான் விளைவு. ஒரே இடத்தில் வண்டி நின்றுவிட்டால் நல்ல தரையும் அரிபட்டுப் போகும்.

ரசாயன முறையில் கரைசலை ஊற்றி, ஊறவிட்டு, தேய்த்துக் கழுவுகிறார்கள். தார்த் தரைக்கும் கான்கிரீட்டுக்கும் ஒரே மருந்து ஆகாது. தயாரிப்பாளர் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் தரையையே தின்னும். கழுவிய நீர் எந்த வடிகாலில் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். பின்னர் யோசிக்கிற விஷயம் இல்லை இது.

எஃகுக் குண்டுகளை அடித்துச் சுரண்டும் முறை ரப்பரோடு மழுங்கிய ஜல்லிக்கும் புது முகம் தரும். தரை உலர்ந்திருக்க வேண்டும். சிந்திய குண்டுகளைக் காந்தத்தால் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் அவை இன்ஜினுக்குள் போகும்.

எந்த முறையானாலும் முதலில் ஒரு சிறு துண்டில் சோதித்துப் பாருங்கள். ஜல்லி பெயர்ந்து வருகிறதா, நீர்க்கோட்டின் விளிம்பு உதிர்கிறதா, மூட்டு நிரப்பி கிழிகிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். கழிவுநீரில் ஜல்லித்துகள் தெரிந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். ஒப்பந்தத்தில் 'கறுப்பு முழுவதும் நீக்கப்பட வேண்டும்' என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் அதைத்தான் செய்வார், தரையும் சேர்ந்து போகும். 'இன்ன கருவியில், இன்ன வேகத்தில், இன்ன எண் வர வேண்டும். தரைக்குச் சேதம் கூடாது' என்று எழுதுங்கள். லேசான கறுப்பு மிச்சம் இருந்தாலும் எண் வந்தால் போதும்.

ஓடுபாதையைத் திறக்கும் முன் பெருக்கும் வண்டி ஓட வேண்டும். தரைவிளக்குகளின் கண்ணாடியில் ரப்பர்க் குழம்பு படிந்திருக்கும், துடைக்க வேண்டும். பெயிண்ட் அடையாளங்கள் அழிந்திருந்தால் மறுபடி வரைய வேண்டும். இரவு வேலையில் இவற்றுக்கு நேரம் ஒதுக்காமல் கடைசி நிமிடம்வரை பீய்ச்சிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். மூடல் நேரத்தின் கடைசிப் பகுதியை இதற்கென்றே பூட்டி வையுங்கள்.

12. அதே கோட்டில் மறுபடி அளந்து பதிவு செய்யுங்கள்

அதே கருவி, அதே இரு வேகம், அதே 3 மீட்டர் கோடு. உதிர்ந்த ரப்பர்த்துகளும் குழம்பும் கழுவிப் போன பிறகே அளக்க வேண்டும், அவை கிடந்தால் எண் குறைத்துக் காட்டும்.

அகற்றிய பிறகும் முனையின் எண் நடுப்பகுதியின் எண்ணை நெருங்கவில்லை என்றால் மறுபடி பீய்ச்சச் சொல்லாதீர்கள். குனிந்து பார்த்து மணல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ரப்பர் போயும் எண் வராவிட்டால் தரையே தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு எஃகுக் குண்டு அடிப்பதோ நீர்க்கோடு வெட்டுவதோ மேல்பூச்சு போடுவதோதான் வழி, பட்ஜெட்டைக் கேட்க வேண்டியது அப்போதுதான். திரும்பத் திரும்ப அழுத்த நீரை அடிப்பது இருக்கிற நுண்சொரசொரப்பையும் அழிக்கும்.

நோட்டாமை நீக்குவது இந்த மறு அளவீட்டின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான். வண்டி வேலையை முடித்தது என்பதற்காக நீக்கக் கூடாது.

பதிவேட்டில் முன்னும் பின்னும் எடுத்த எண்களைத் துண்டு வாரியாக எழுதுங்கள். அதோடு தேதி, கருவி எண், டயர் எப்போது மாற்றியது, கோடு, நீர்ப்படலம், தரையின் ஈரநிலை, அந்த இடைவெளியில் ஒவ்வொரு முனையிலும் இறங்கிய விமானங்களின் எண்ணிக்கை. சில சுற்றுகள் சேர்ந்ததும், இத்தனை இறக்கத்துக்கு எண் இவ்வளவு விழுகிறது என்ற உங்கள் ஓடுபாதைக்கே உரிய வேகம் தெரிய வரும். அப்புறம் மூன்றாம் படியில் உள்ள பொது அட்டவணைக்கு மேல் உங்கள் சொந்தக் கணக்கை வைத்து அடுத்த மூடல் தேதியை முன்கூட்டியே கேட்கலாம். மழைக்கு ஒரு மாதம் முன்பே அந்தத் தேதியை வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் மூடும் நேரம் கிடைக்காது.